முந்நூறுக்குக் குறைந்தால் கார்டு கிடையாது

சிறுகடைக்காரர் நலச் சங்கத்தின் தலைவருக்குத்தான் அந்தத் தெருவிலேயே பெரிய கடை. இரண்டு மாடி, கீழே மளிகை, நடுவில் லிஃப்ட், வாசலில் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. சிறு கடைகளின் துன்பம் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்பது அவர் கட்சி. சங்கக் கூட்டம் அவர் கடையின் மேல்மாடியில், மிக்ஸிகளும் இஸ்திரிப்பெட்டிகளும் அடுக்கிய வரிசைகளுக்குப் பின்னால் நடக்கும். கூட்டத்துக்கு வந்தவர்கள் எதையாவது வாங்காமல் கீழே இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அதே தெருவின் கோடியில் பொத்தான்காரர் கடை. பொத்தான், ஊசி, நூல், ஜிப், கொக்கி, எலாஸ்டிக். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்கவேண்டும். பொத்தான்காரர் சங்கத்தில் உறுப்பினர் மட்டுமல்ல, தலைவரின் தங்கையைக் கட்டியவர். மச்சான் சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டு என்கிற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. வந்தாலும் வீட்டில் சோறு கிடைக்கிற வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

அன்றைய கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். இருபது பேருக்கு மைக் எதற்கு என்று கேட்கக்கூடாது. மைக்கும் அவர் கடையில் விற்கிற சரக்குதான்.

"சகோதரர்களே! ஒருத்தன் கார்டைத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் பேங்க்காரன் நம்ம கல்லாப்பெட்டிக்குள்ள கைய விடுறான். ஆயிரத்துக்குத் தேய்ச்சாலும் அதே கமிஷன், அஞ்சுக்குத் தேய்ச்சாலும் அதே கமிஷன். இது நியாயமா?"

"அநியாயம்!" என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு நூல்கண்டைக் கார்டில் விற்றால் பொத்தான்காரருக்கு மிஞ்சுவது கண்டைச் சுற்றியிருக்கிற காகிதம்தான்.

"அதனால, இன்னையிலேருந்து முந்நூறுக்குக் கீழ எந்தக் கடையிலயும் கார்டு வாங்கக்கூடாது. இதை வியாபாரம்னு நினைக்காதீங்க. இது தன்மானம். தன்மானத்துக்கும் ஒரு குறைஞ்சபட்சம் வேணும்ல? அதை நான் முந்நூறுன்னு வச்சிருக்கேன்."

குடை ரிப்பேர்க்காரர் எழுந்து, ஏன் முந்நூறு என்று கேட்டார்.

"இருநூறு வச்சா நாம பயந்துட்டோம்னு நினைப்பான். நானூறு வச்சா பேராசைன்னு நினைப்பான். முந்நூறு வச்சா ஏன்னே அவனுக்குப் புரியாது. புரியாத இடத்துலதான் பேச்சுவார்த்தை பிறக்கும்."

கைதட்டல் அடங்கியதும் பொத்தான்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"மச்சான், என் கடையில ஒரு நூல்கண்டு பன்னெண்டுதான். முந்நூறுக்கு வாங்கணும்னா ஒருத்தர் ஆயுசு பூரா தைக்கணும்."

"தைக்கட்டும் மாப்ள. நாலு பேரை உழைக்கச் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் தலைவர். இதற்கு இன்னும் பலமான கைதட்டல்.

மறுநாள் எல்லாக் கடைகளுக்கும் பலகை வந்தது. 'முந்நூறுக்குக் குறைந்தால் கார்டு கிடையாது.' சமத்துவம் கருதி எல்லாப் பலகையும் ஒரே அளவு. தலைவர் கடையில் அது ஒட்டியிருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது. பொத்தான்காரர் கடையில் பலகை வந்த பிறகு கடையைத் தேடவேண்டியிருந்தது. வாசல் வெளிச்சத்தில் பாதியை அது மறைத்துக்கொண்டது. துணிக்கு நூல் பொருத்திப் பார்ப்பது அவர் அந்த வெளிச்சத்தில்தான். இப்போது துணியையும் கண்டையும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய், பின்னால் வருகிற வண்டிக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு பார்க்கவேண்டியதாயிற்று.

அப்படி அவர் நடுத்தெருவில் நின்று நீலத்துக்கு நீலம் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரம்மா முதல் தடவை அந்தப் பலகையைப் படித்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள். அவளுக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டர் கூலியை பேங்க்கில்தான் போடுவான். அதனால் எது வாங்கினாலும் அவளுக்குக் கார்டுதான். நாள் தவறாமல் வருவாள். ஒரு கண்டு வாங்குவாள், எப்போதாவது ஒரு ஜிப். அவளைப் பார்த்துத்தான் அந்த வட்டாரத்துத் தையல்காரர்கள் பாதிப் பேர் இந்தக் கடைக்கு வந்தார்கள். அவள் போனால் அவர்களும் போய்விடுவார்கள், அவர்கள் போனால் கடை போய்விடும். இது பொத்தான்காரருக்கு நன்றாகத் தெரியும். சங்கத்துக்குத்தான் இதற்கான தீர்மானம் இல்லை.

"என்னண்ணே, என்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தாம்மா. சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"முந்நூறுக்கு நூல் வாங்கி வச்சா வீட்ல நான் படுக்க இடம் இருக்காதுண்ணே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பையைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் கிடந்த சில்லறையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். சில்லறை தினமும் பையில் விளையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வாரத்துக்குள் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். நூல் வாங்க வந்த தையல்காரம்மா, கோட்டுக்குப் பொத்தான் தேடி வந்த ரிடையர்டு மாஸ்டர், எலாஸ்டிக்குக்கு வந்த நர்ஸ், இன்னும் தெருவில் போன இரண்டு பேர், எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பில்லாகப் போடச் சொன்னார்கள். முந்நூற்றுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. மாஸ்டர் வாசலில் நின்று, "ஐயா, யாருக்காவது ஜிப் போயிருக்கா?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் விசாரித்தார். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவர் கை தூக்கினார். பில் தேறியது. நர்ஸ் கார்டைத் தேய்த்தாள், மற்றவர்கள் தங்கள் பங்கைப் பிறகு தருவதாக அவளிடம் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் விடைபெறுவது போல விடைபெற்றுப் போனார்கள். பொத்தான்காரருக்கும் மனசு நிறைந்திருந்தது.

சங்கத்துக்குச் செய்தி போக அதிக நேரம் ஆகவில்லை. மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'அறிமுகமற்ற நபர்கள் ஒன்றுகூடி ஒரே பில் போடுவது கூட்டுச் சதி. கடன் கொடுப்பது, இனாமாகக் கொடுப்பது, பிறகு தருகிறேன் என்பதை ஏற்பது ஆகியவை கொள்கைக் கசிவு.' கசிவை அடைக்க ஒரு கண்காணிப்புக் குழுவும் போட்டிருந்தார்கள். அதன் தலைவரும் உறுப்பினரும் எதிர்க்கடை பேக்கரிக்காரர்.

பேக்கரிக்காரர் மறுநாள் காலை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டு வந்தார். சட்டை பூரா மைதா.

"ஒரு ஊசி வேணும். கார்டுல தர்றேன்" என்றார் அடித்தொண்டையில்.

"என்னண்ணே கண்ணுல?"

"நான் உங்களுக்கு அண்ணன் கிடையாது. நான் வெளியூர். ஊசி இருக்கா இல்லையா?"

"இருக்கு. கார்டுன்னா முந்நூறுக்கு வாங்கணுமே."

பேக்கரிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கை கொடுத்தார். "பாஸ் பண்ணிட்டீங்க. தலைவர்கிட்ட சொல்லிடறேன்." திரும்பிப் போக மனமில்லாமல் சற்று நின்றார். "அண்ணே, நிஜமாவே ஒரு ஊசி வேணும். ஏப்ரன் கிழிஞ்சுபோச்சு. சில்லறை எடுத்துட்டு வரல."

"கடன் கொடுத்தா கசிவாகுமே."

"ஆமால்ல" என்று ஒப்புக்கொண்டு, கிழிந்த ஏப்ரனோடு அவர் சாலையைக் கடந்தார்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது, தையல்காரம்மா ஓடி வந்த அந்த மத்தியானம் வரைக்கும். மூச்சு வாங்க வந்தாள். கையில் பாதி தைத்த பாவாடை, ஊசி கூட அதிலேயே தொங்கியது.

"அண்ணே, நடுத் தையல்ல நூல் தீர்ந்துபோச்சு. நாலு மணிக்கு வண்டி வருது. இன்னைக்குக் கொடுக்கலைன்னா அடுத்த ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். ஒரே ஒரு கண்டு. தேய்ச்சுக்கோங்க."

பொத்தான்காரர் கை கண்டின் மேல் போய்விட்டது. எதிரே பேக்கரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று கொடுத்தால் இன்றே செய்தி மேல்மாடிக்குப் போகும். மேல்மாடிக்குப் போனால் வீட்டுக்கு வரும். "எங்க அண்ணன் பேச்சுக்கு நம்ம வீட்லயே மரியாதை இல்லையா?" என்று மனைவி கேட்பாள். ஊரெல்லாம் விட்டுக்கொடுக்காமல் நிற்கும்போது ஒரு கண்டுக்காக நாம் மட்டும் சங்கத்தை விற்பதா என்றும் தோன்றியது. எல்லாக் கடையிலும் இப்படித்தானே யாரோ ஒருவர் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"முடியாதும்மா" என்றார். கண்டின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். "யார்கிட்டயாவது சில்லறை வாங்கிட்டு வாம்மா."

அவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பொத்தான்காரருக்குச் சோறு இறங்கவில்லை. என்னங்க என்று கேட்ட மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அண்ணன் நமக்குக் கெடுதல் நினைப்பாராங்க? கொஞ்ச நாள் பொறுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள் அவள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, குழம்புக் கரண்டியைப் பார்த்துச் சொன்னாள். அதை அவர் கவனிக்கவில்லை.

தையல்காரம்மா அதன்பிறகு வரவில்லை. அவள் பின்னாலேயே மற்றவர்களும் நின்றார்கள். பொத்தான்காரர் காலையில் கடையைத் திறந்து, பொத்தான்களைக் கொட்டி, நான்கு கண் பொத்தான் தனியாக, இரண்டு கண் பொத்தான் தனியாகப் பிரிப்பார். சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாளைக்கு வேலை வேண்டுமே. ஒருநாள் டை கட்டிய ஒருவர் எதிர்ச்சாரியில் நின்று அவர் கடையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சான் நின்று, கையை நீட்டி நீட்டி என்னவோ விளக்கினார். பொத்தான்காரர் இங்கிருந்தே கும்பிட்டார். டை கட்டியவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி தெரிந்தது.

அடுத்த மாதம் வெற்றி விழா என்று அழைப்பு வந்தது. பேங்க் இறங்கி வந்துவிட்டதாம். பொத்தான்காரருக்கு உயிர் வந்தது. கமிஷன் போனால் பலகை போகும், பலகை போனால் தையல்காரம்மா வீட்டுக்கே ஒரு பெட்டி நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். இருப்பதில் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டார். மேல்மாடியில் அவரை மேடையிலேயே, மச்சானுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

முதலில் டை கட்டியவர் பேசினார். பேங்க் அதிகாரி.

"சிறு கடைகள் முந்நூறு விதியை விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பதாகத் தலைவர் சொன்னபோது எங்கள் தலைமையகம் நம்பவில்லை. நேரில் பார்க்க வந்தேன். இவர் கடைக்கு எதிரில் வெகுநேரம் நின்றேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட உள்ளே போகவில்லை! இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை. கடையே அழிந்தாலும் கொள்கை அழியக்கூடாது என்று ஒரு மனிதர் பொத்தானைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றே எழுதினேன். அதன் பலனாக, மாத விற்பனை ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள கடைகளுக்குக் கமிஷன் அறவே ரத்து!"

கைதட்டலில் மிக்ஸிகள் அதிர்ந்தன. பொத்தான்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவருக்குப் பாதியில் ஏதோ உறைத்தது.

"சார், லட்சத்துக்குக் கீழ?"

"கீழே இருந்தால் கமிஷன் கொஞ்சம் கூடும். மேலே கொடுத்த சலுகையை எங்கேயாவது ஈடுகட்டணுமில்லையா?" என்றார் அதிகாரி அன்பாக. "எல்லாத்துக்கும் ஒரு குறைஞ்சபட்சம் வேணும் சார். அதை உங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்."

பொத்தான்காரர் தன் மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் பக்கம் குனிந்தார். "அண்ணே, உங்க கடை லட்சம் தேறுமா? எல்லாருக்கும்தானே வியாபாரம் படுத்துக் கிடக்கு?"

பேக்கரிக்காரர் நெளிந்தார். "எங்களுக்குப் படுக்கலையே. நாங்க அந்த விதிய ரெண்டாவது வாரமே விட்டுட்டோமே, பலகை மட்டும்தான் சும்மா தொங்குது. ஒரு பன் வாங்கினாலும் கார்டு வாங்கிக்கிறோம். உங்ககிட்ட சொல்லலியா?"

"யாரு சொல்லணும்?"

"கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்தோம். உங்களைக் கூப்பிடவேண்டாம்னு தலைவர் சொல்லிட்டார். பேங்க்ல பார்க்க வர்றப்போ ஒரு கடையாவது நிஜமா இருக்கணுமாம். உங்களுக்கு விஷயம் தெரிஞ்சா அது நடிப்பாப் போயிடுமாம்."

"அப்போ என்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களே, அது?"

"நீங்க கழட்டிடாம பார்த்துக்கச் சொன்னார்."

பொத்தான்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மத்தியானத்தில் தெருவில் எல்லாக் கடைகளும் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒருவர் மட்டும், ஊரே தன்னோடு நிற்கிறது என்று நம்பி, அந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். அவர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே மனைவி உட்கார்ந்திருந்தாள். மேடையில் இவர்கள் கிசுகிசுத்தது கேட்டிருக்காது, ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்தவள்தான் அப்படிக் குனிவாள். மச்சான் செய்ததைவிட இதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மச்சான் இப்போது மைக்கில் இருந்தார்.

"நிறையப் பேர் கேட்கிறாங்க, போராட்டத்துல நீங்க எதை இழந்தீங்கன்னு. நான் பெருமையாச் சொல்றேன், என் சொந்த மாப்பிள்ளையோட கடையை இழந்தேன்! வேற ஒருத்தர் கடையா இருந்தா எனக்கு மனசு வருமா? அடுத்தவன் வயித்துல அடிக்கிற பழக்கம் எங்க குடும்பத்துக்கே கிடையாது. அதனாலதான் எங்க குடும்பத்துக்குள்ளயே பார்த்துக்கிட்டேன்!"

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றைப் பொத்தான்காரர் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். பலகையை மட்டும் வருஷக் கடைசி வரைக்கும் எடுக்கவேண்டாம், தலைமையகத்திலிருந்து இன்னும் பெரிய அதிகாரி பார்க்க வருவார் என்று அதிகாரி அவர் காதில் சொன்னார்.

படிக்கட்டில் மனைவி பின்னாலேயே வந்தாள். "என்னங்க, விழா முடிஞ்சதும் தானே சொல்றேன்னு அண்ணன் சத்தியம் பண்ணினார். உங்களுக்கு ஏதாவது செய்வார்னு நம்பினேங்க. நான் வேணும்னு பண்ணல."

"நீ எங்க வாங்கின, இவ்வளவு நாளும் மளிகை?"

"இங்கதான்."

"கார்டுலயா?"

அவள் கைப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

கீழ்த்தளத்தில், வெளியே போகிற வழியில், புதிதாக ஒரு அலமாரி. பொத்தான், ஊசி, நூல், ஜிப். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் தையல்காரம்மா நின்று, ஒரு துண்டுத் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கார்டை நீட்டினாள். மெஷின் ஒரு முறை கீச்சென்றது, அவ்வளவுதான்.

திரும்பியவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே" என்றாள். குரலில் சண்டை இல்லை. "அன்னைக்கு இங்கதான் ஓடி வந்தேன். ஒண்ணுமே கேட்காம தேய்ச்சுக் கொடுத்துட்டாங்க. நாலு மணி வண்டிக்குக் கொடுத்துட்டேன். எல்லாக் கடையிலயும் கொடுக்கறாங்கண்ணே, நீங்க மட்டும்தான் மாட்டேன்னீங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கும் இப்போதுதான் தெரியும், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தார். கையில் பாராட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"சரி, போனது போகட்டும்" என்றாள் அவள். "இங்க நிறம் சரியா அமையலண்ணே. பகல்ல பார்த்தா வேறயா இருக்கு. நாளைக்கு உங்க கடைக்கு வந்தா ஒரே ஒரு கண்டு கொடுப்பீங்களா?"

அதற்குள் அதிகாரியை வழியனுப்ப மச்சான் இறங்கி வந்துவிட்டார். பொத்தான்காரரின் தோளில் கையைப் போட்டு, அவளைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். "கொடுக்கமாட்டாரும்மா. இவர் கொள்கைக்காரர். கேளு, அவரே சொல்வார்."

தையல்காரம்மா பொத்தான்காரர் வாயையே பார்த்தாள். மாடிப்படியில் மனைவி நின்று பார்த்தாள். பொத்தான்காரர், அத்தனையும் தெரிந்த பிறகும், ஒரே ஒரு கணம் மச்சான் முகத்தைப் பார்த்தார்.

தையல்காரம்மாவுக்கு அது போதும். நூல்கண்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு தானே திறந்து, அவள் போனதும் தானே மூடிக்கொண்டது.

"கொடுப்பேம்மா" என்றார் பொத்தான்காரர்.

"யார்கிட்ட மாப்ள பேசுறீங்க?" என்றார் மச்சான்.